ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்

தென்காசியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் 559 கிலோமீட்டர். விமானப் பயண நேரம் 1 மணி 12 நிமிடம். போனில் யார் தட்டிப் பார்த்தாலும் இதுதான் வரும். நாலைந்து கிலோமீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம். தென்காசியில் விமான நிலையமே கிடையாது என்ற சின்ன விஷயம் மட்டும் அந்தப் பதிலில் இருக்காது. ஓடுபாதை இல்லாத ஊரில் விமானம் எங்கிருந்து கிளம்பும்? காசி விஸ்வநாதர் கோயில் கோபுரவாசலில் காற்று ஆளைத் தள்ளும்தான். ஆனால் சென்னை வரைக்கும் தள்ளாது.

இந்த எண்ணின் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு. கணக்கில் தப்பு இல்லை என்பதால் கோபம் இன்னும் கூடுகிறது. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்கிறார்கள். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் முதுகில் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கிறார்கள். நூலின் நீளம் தூரம். அதை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 42 நிமிடம். ஏறவும் இறங்கவும் என்று ஒரு அரைமணி நேரத்தைத் தருமமாகச் சேர்த்தால் 1 மணி 12 நிமிடம் ரெடி. இதில் எங்கேயும் ஒரு மனிதன் கிடையாது. ஒரு பெட்டி கிடையாது. மலை கிடையாது, மழை கிடையாது.

அந்த 800 கிலோமீட்டர் வேகமும் எங்களுக்கு உரியது இல்லை. எங்கள் பக்கத்தில் சென்னை விமானம் இறங்குவது தூத்துக்குடி வகைகுளத்தில். அங்கே ஓடுபாதை பல வருடங்கள் 1,350 மீட்டர்தான். ஏ.டி.ஆர். என்கிற காற்றாடி விமானம் மட்டுமே இறங்க முடியும். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். எனவே சென்னையிலிருந்து வகைகுளத்துக்கே ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். 2025 ஜூலையில் புது முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார், ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பெரிய விமானம் வரட்டும், சந்தோஷம். அப்போதும் அது வகைகுளத்தில்தான் இறங்கும். அங்கிருந்து தென்காசி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்.

சரி, ஒரு எண் தப்பாகவோ சரியாகவோ இருந்துவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன என்று கேட்கலாம். அந்த எண்ணை வைத்து எனக்கு லீவு கொடுத்தார்கள். அதுதான் எனக்கென்ன.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஆச்சி இறந்துவிட்டதாக இலஞ்சியிலிருந்து போன் வந்தது. நான் அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுப் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. விடிந்ததும் தூத்துக்குடி விமானத்தைப் பிடித்து, வகைகுளத்தில் கார் பேசி, வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். எனக்காகத்தான் தூக்காமல் வைத்திருந்தார்கள். மேனேஜர் கொடுத்தது புதன், வியாழன் இரண்டு நாள். காடாத்து முடிந்ததும் இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, நிதானமாகத்தான் பேசினார். "வியாழன் ஈவினிங் கிளம்பினா நைட்டு வந்துரலாமே? நான் செக் பண்ணேன், ஒன் ஹவர் ட்வெல்வ் மினிட்ஸ்தான் காட்டுது" என்றார். வகைகுளம், 90 கிலோமீட்டர், கடைசி விமானம் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் நான் சொன்னது என் தரப்பு. அவர் கையில் இருந்தது எண். எண்ணுக்கு எதிராக வாய்ப்பேச்சு எந்த ஆபீசிலும் ஜெயித்தது கிடையாது.

ஆகவே கணக்குக்குக் கணக்காகவே பதில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி நேரம். பறப்பது ஒன்றரை. பெட்டியை வாங்கி வெளியே வர அரைமணி. திருநெல்வேலியைக் கடந்து தென்காசி போக இரண்டேகால். மொத்தம் ஆறேமுக்கால் மணி நேரம். பொதிகையில் ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி. வண்டியில் மட்டும் பதினொரு மணி நேரம், எழும்பூர் போகிற நேரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று வையுங்கள். வித்தியாசம் ஐந்தேகால் மணி நேரம். அந்த ஐந்தேகால் மணி நேரமும் நாம் மேல் பர்த்தில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். தூங்கும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பத்து மடங்கு காசு. கூடவே, பொதிகையில் சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று ஒவ்வொரு ஊராக ஆட்கள் இறங்குவார்கள். விமானம் இவர்கள் யாரையும் இறக்கிவிடாது.

பறக்கும் நேரம் என்று அறிவிக்கப்படுவது ஏற்கெனவே விமான நிலையத்துக்குள் இருப்பவருக்கான நேரம். சென்னைக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் அது வீட்டு நேரத்திலிருந்து கொஞ்சம்தான் விலகியிருக்கும். எங்களுக்கு அது முழுப் பயணத்தில் கால்பங்குகூட வராது. ஆனால் எல்லோருக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். இதில் உள்ள அநியாயம் கண்ணுக்குத் தெரியாதது, ஏனென்றால் பார்க்க அது அறிவியல் மாதிரியே இருக்கிறது.

இந்த அறிவியலின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே திரும்ப வேண்டும். தென்காசிக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 68 கிலோமீட்டர். அதே 800 வேகத்தால் வகுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடம் வரும். குற்றாலத்தில் மனை விற்கிறவர்களுக்கு இந்த 68 மிகவும் பிடித்த எண். 'அருகிலேயே சர்வதேச விமான நிலையம்' என்று பின்னணியில் அருவிப் படத்தோடு அடித்துவிடுவார்கள். அந்த அருவி எங்கிருந்து விழுகிறதோ அந்த மலைதான் நடுவில் நிற்கிறது என்பது விளம்பரம் எழுதியவருக்கு உறைக்கவில்லை. பேரருவிக்கு மேலே குற்றால மலை, அதற்கு அப்பால் செந்துருணிக் காடு. கோடு அதன் வழியே போகும். நாம் போக முடியாது.

நாம் போகிற வழி செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு. நூறு கிலோமீட்டருக்கு மேல். நல்ல நாளில் மூன்று மணி நேரம். நல்ல நாள் என்பதை யார் முடிவு செய்வது? புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் முடிவு செய்யும். ஒரு லாரி வளைவில் படுத்துவிட்டால் பின்னால் காய்கறி வண்டி, பால் வண்டி, ஐயப்ப பக்தர் வேன், ஏர்போர்ட் கார் எல்லாம் ஒன்றின்பின் ஒன்றாக நிற்க வேண்டியதுதான். எங்கள் ஊர் டிரைவர் அண்ணாச்சிகள் இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள். "ஃப்ளைட்டு எத்தனை மணிக்குன்னு சொல்லாதீய, ரிப்போர்ட்டிங் எத்தனை மணின்னு சொல்லுங்க. சாரல் காலம்னா அதுலயும் ஒரு மணி நேரம் முன்னால சொல்லுங்க" என்பார் ஒருவர். ராத்திரி ஒரு மணி விமானத்துக்கு சாயந்தரம் ஆறரைக்கெல்லாம் வாசலில் ஹாரன் அடிப்பார். அவருடைய கணக்கில் மழை இருக்கிறது, லாரி இருக்கிறது, செக்போஸ்ட் இருக்கிறது, நெடுமங்காட்டில் ஒரு கட்டன் சாயா இருக்கிறது. திருவந்தரத்துக்கு எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமானால் நான் அவரைத்தான் கேட்பேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயருக்கும் இது தெரிந்திருந்தது. அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வானத்தில் போகிற சூரியனின் தேரே தேனருவித் தண்ணீரில் சறுக்குகிறது. பள்ளிக்கூடத்தில் உயர்வு நவிற்சி என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோம். இப்போது யோசித்தால், வான்வழியில் போகிறவருக்கும் இந்த மலை ஒரு விஷயம்தான் என்று கவிராயர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கத்துக்கும் எங்களுக்கும் உள்ள தூரம் ஒரே அளவில் இருந்ததே கிடையாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதாவது செங்கோட்டைக்காரருக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தான். மாநில எல்லையைத் திருத்தியதும் தலைநகரம் சென்னைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியும் விமானமும் பழைய தலைநகரத்திலேயே இருந்துவிட்டன. இன்றைக்கும் புற்றுநோய் என்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் முதலில் சொல்வது ஆர்.சி.சி. என்ற மூன்றெழுத்தைத்தான், அது இருப்பது திருவனந்தபுரத்தில். 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு மீட்டர்கேஜ் ரயில் விட்டார்கள். தென்மலைக்குப் பக்கத்தில் உள்ள பதிமூணு கண் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். நூறு வருடத்துக்கு மேல் ஓடிய அந்தப் பாதையை அகலப்பாதையாக்குவதற்காக 2010-ல் மூடினார்கள். திறந்தது 2018-ல். நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் உள்ள வான்வழித் தூரம் ஒரு அடிகூட மாறவில்லை. ஆனால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்த ஒரு கூலிக்காரருக்கு அந்தப் பக்கம் வேறு நாடாகிவிட்டது. நேர்கோடு எதையும் பார்க்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சென்னை, திருவனந்தபுரம் இரண்டையும் விடுங்கள். எங்கள் மாவட்டத்தின் உண்மையான தூரம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2019-ல்தான் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் அதற்குப் பல தலைமுறை முன்னாலேயே இந்த ஊர்கள் வெளிநாட்டோடு கட்டிப்போட்டவை. கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறி, 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்து, 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆன காலம் அது. ரஜூலா கப்பலின் பெயர் 1973-ல் அது ஓய்ந்த பிறகும் ரொம்ப நாள் வீடுகளில் புழங்கியது. தமிழ் முஸ்லிம்கள் இந்தப் பயணத்துக்கு வைத்த பெயர் சபர், போனவர் சபராளி. எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். வீட்டு வாசல்படியில் இறங்கிய நிமிஷத்திலிருந்து திரும்ப அதே படியில் ஏறுகிற வரைக்கும் ஆள் சபரில் இருக்கிறார். அதில் ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் தனியாக அறுத்து எடுத்துக் காட்ட முடியாது.

இப்போது சபர் வளைகுடாவுக்கு. திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜா சுமார் 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஒரு வாரம் எங்கே, நான்கு மணி நேரம் எங்கே! உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள்.

கடையநல்லூரில் என் கல்லூரி நண்பனுடைய வாப்பா ஒரு நாள் சுபுஹுக்கு முன்னால் மௌத்தானார். காலை ஐந்து மணி இருக்கும். அண்ணன்காரர் ஷார்ஜாவில். அடுத்த நிமிஷமே தகவல் போய்விட்டது. தகவலுக்கு இன்றைக்குத் தூரமே கிடையாதே. "பிளேன்ல நாலு மணி நேரம்தானே, லுஹருக்குள்ள வந்துருவான்" என்று ஒரு பெரியவர் சொன்னார், எல்லோருக்கும் அது நியாயமாகப்பட்டது. ஆனால் அண்ணனுடைய பாஸ்போர்ட் அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்துச் சாவி வைத்திருப்பவர் ஆபீசுக்கு வர வேண்டும். அதற்குள் முதல் விமானத்தில் இடம் போய்விட்டது. கிடைத்தது இந்திய நேரப்படி மாலை மூன்றரை விமானம். லுஹர் தாண்டியது, அஸர் தாண்டியது. மக்ரிபுக்கு அப்புறம் அவர் திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டார் என்று போன் வந்ததும் வாசலில் நின்றவர்கள் முகத்தில் ஒரு தெம்பு. ஆனால் இன்னும் மலை இருக்கிறதே. கையில் பெட்டிகூட இல்லாமல் வெளியே வந்து எட்டரைக்குக் காரில் ஏறிவிட்டார். அதற்கு மேலும் ஜனாஸாவை வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒன்பதரை மணி அளவில் அடக்கம் நடந்தது. கார் அப்போது எங்கேயோ பாலோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் வந்து இறங்கினார். நானும் நண்பனும் டார்ச் லைட்டோடு அவரைப் பள்ளிவாசல் மையவாடிக்குக் கூட்டிப்போனோம்.

தகவல் கிடைத்ததிலிருந்து பத்தொன்பது மணி நேரம். அதில் விமானம் பறந்தது நாலேகால். மீதிப் பதினைந்து மணி நேரத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை. அதற்கு அமைச்சகம் இல்லை, திட்டம் இல்லை, அளவுகோலே இல்லை.

திட்டம் என்றதும் உடான் நினைவுக்கு வருகிறது. ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்று சொல்லி 2017-ல் பறக்க ஆரம்பித்த திட்டம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்போது 2,500 ரூபாய் உச்சவரம்பு, குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளுக்கு. நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் மானியத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் பாருங்கள். பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் கொண்டு. ஹவாய் செருப்புக்காரர் வீட்டிலிருந்து விமான நிலையம் வருகிற மூன்று மணி நேரமும் அதற்கான கார் வாடகையும் அவர் பாடு. திருவனந்தபுரத்துக்கு நான் கடைசியாகக் காருக்குக் கொடுத்தது நாலாயிரம் ரூபாய். பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். அங்கிருந்து இரண்டு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி, கயிறு கட்டிய பலகாரப் பையோடு ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வு தென்காசியிலேயே ஒரு ஏர்போர்ட் என்று எங்கள் ஊரில் பேசுகிறவர்கள் உண்டு. டீக்கடையில் இதை எதிர்த்துப் பேசினால் ஊர்த்துரோகி. நான் எதிர்த்தே பேசுகிறேன். அந்த ஆசையும் அதே எண் ஊட்டிவிட்ட ஆசைதான். 1 மணி 12 நிமிடம் என்று காட்டிக் காட்டி, அது நமக்கு வர வேண்டிய பாக்கி மாதிரி ஆகிவிட்டது. வேலூரில் உடான் திட்டத்தில் விமான நிலையத்தைச் சீர்படுத்தினார்கள். வருடக்கணக்காக விமானம்தான் வரவில்லை. சேலத்தில் 2018-ல் வந்த விமானம் சில வருடத்தில் நின்று, 2023-ல்தான் திரும்ப வந்தது. ஓடுபாதை போட வயலைக் கேட்பார்கள். எங்களிடம் இருக்கும் சமநிலமெல்லாம் சிற்றாற்றுப் பாசனத்து நெல்வயலும் தென்னந்தோப்பும்தான். அதைக் கொடுத்துவிட்டு, வாரம் மூன்று நாள் சென்னைக்கு ஒரு ஏ.டி.ஆர். வந்தால் யார் ஏறுவார்? என் மேனேஜர் சீசனுக்குக் குளிக்க வரும்போது ஏறுவார். மத்தளம்பாறையில் ஜோஹோ ஆபீஸ் வந்ததைச் சொல்லி, இனிமேல் தூரமெல்லாம் செத்துப்போச்சு என்பாரும் உண்டு. கம்ப்யூட்டருக்குள் செத்திருக்கலாம். ஷார்ஜா விமானத்துக்கு அதனால் ஒரு நிமிடமும் குறையவில்லை.

கேட்க வேண்டியவை இதைவிடச் சின்னவை, அதனால்தான் யாரும் கேட்பதில்லை போல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பொதிகையில் முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடுகிறது. அதே தடத்தில் தினசரி இன்னொரு ராத்திரி ரயில் வேண்டும். வகைகுளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் விமான நேரத்தை ஒட்டி, முனைய வாசல் வரைக்கும் போகிற பஸ் வேண்டும். பெட்டி வைக்க இடத்தோடு. புளியரையில் கனரக வண்டிகளுக்கு நேரக்கட்டுப்பாடு வேண்டும், எழுத்தில் மட்டும் இல்லாமல். சாவு வீட்டுக்குப் போகிற ஊழியரின் லீவை வான்வழி நேரத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், ஊர் போய்ச் சேரும் நேரத்தைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். இரண்டு மாநில அரசும் ரயில்வேயும் நாலு கம்பெனியும் மனசு வைத்தால் முடிகிற வேலைகள். இதில் எதற்கும் நாடா வெட்டும் விழா வைக்க முடியாது என்பது உண்மைதான்.

அதுவரைக்கும் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகையாவது வைக்கலாம். சென்னை, தூத்துக்குடி வழியாக, வீட்டிலிருந்து ஆறேமுக்கால் மணி நேரம். திருவனந்தபுரம் விமான நிலையம் மூன்று மணி நேரம், சாரல் நாளில் நாலு, எஸ் வளைவில் லாரி படுத்தால் தெரியாது. எழுதித்தர எங்கள் டிரைவர் அண்ணாச்சி தயாராக இருக்கிறார். மாசத்துக்கு ஒரு தடவை திருத்தியும் கொடுப்பார்.